தண்ணீருக்கு ஏது கதவு?

"சார்! நில்லுங்க சார்!"

நிற்பதற்கா கயாக் வாங்கினார்? தாசில்தார் உத்திராபதி துடுப்பை இடமும் வலமும் மாற்றி மாற்றிக் குத்தினார். ஒற்றை ஆள் உட்காரும் அந்த மஞ்சள் கயாக் படகு உப்பனாற்றில் கோணல்மாணலாகப் பாய்ந்தது. பின்னால் ஒரு ஃபைபர் படகு புட்புட்டென்று துரத்தியது. அதன் முனையில் கலெக்டர் ஆபீஸ் டபேதார் மருதையன், சிவப்புப் பட்டையும் வெள்ளைச் சீருடையுமாக, காக்கிக் கவரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் முக்காடிட்ட ஒரு பெண்.

கவருக்குள் என்ன என்பது உத்திராபதிக்குத் தெரியும். இன்று அவர் சர்வீஸின் கடைசி நாள். புகார் உள்ளவர்களுக்கு, மாலை போடுகிற நேரம் பார்த்துத்தான் சஸ்பென்ஷன் ஆர்டர் வரும். வந்துவிட்டால் ஓய்வு கிடையாது; விசாரணை முடியும்வரை அந்தரத்தில் தொங்க வேண்டியதுதான். அடுத்த வாரம் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். மனைவி சௌந்தரநாயகி ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்துவிட்டாள். சஸ்பெண்டான மாப்பிள்ளையாக அங்கே போய் உட்காருவதா?

வீட்டில் இருந்தால் கதவில் ஒட்டுவார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தால் கட்டிலுக்கே வருவார்கள். தண்ணீருக்கு ஏது கதவு? ஆபீஸ் மூடும்வரை கையில் வாங்காமல் தப்பித்தால் நாளை அவர் கௌரவமாக ரிட்டயரான மனிதர். அப்படித்தான் நம்பினார்.

அதற்காகத்தான் நாலு மாதம் முன்பே கயாக்கில் தூண்டில் போடப் பழகினார். "சார் ரிட்டயர்மென்ட்டுக்கு ஒத்திகை பாக்குறாரு" என்று ஆபீஸே சிரித்தது. சிரிக்கட்டும். கவிழ்ந்து கவிழ்ந்து உப்புத் தண்ணீர் குடித்தார். முள்ளில் மீனுக்குப் பதில் சட்டை மாட்டியது. பிறகுதான், ஆற்றைவிட்டு ஒதுங்கிக் கிடந்த அந்த நீர்ப்பரப்பு கண்ணில் பட்டது. அலையில்லை, இழுப்பில்லை; கற்றுக்குட்டிக்கென்றே செய்துவைத்த மாதிரி. நடுவில் துருப்பிடித்த இரும்புக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதில் கயிற்றைக் கட்டிவிட்டு மணிக்கணக்கில் உட்காருவார். முதல் கொடுவா மீன் மாட்டியதும் அங்கேதான். அது துள்ளியபோது, பொய்க்குப் பிடித்த தூண்டில் ஒரு நிமிஷம் நிஜமாகவே இனித்தது.

இப்போதும் அங்கேதான் நுழைந்தார். ஃபைபர் படகு நுழைகிற இடத்திலேயே தரைதட்டி நின்றது.

"மாட்டிக்கிட்டியா மருதையா! கரைக்குப் போயி டீ குடி, போ!"

"எனக்கென்ன சார் ஒங்க மேல வஞ்சமா? குடுக்கச் சொன்னாங்க, வந்தேன். எனக்கு நீச்சல்கூடத் தெரியாது சார்!"

"அப்ப அங்கயே நில்லு!"

எல்லாம் அம்சம் என்கிற அந்தப் பெண் போட்ட புகார். ஒரு ஆட்சியில், நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலத்தைப் பிரித்து அவள் மாமனாருக்குப் பட்டா கொடுத்தார்கள். வேறொரு ஆட்சியில் இறால் பண்ணைக்காரர் கரைவேட்டிகளோடு வந்து கேட்டார். 'நேரில் பார்வையிட்டேன், தரிசு' என்று உத்திராபதி கையெழுத்துப் போட்டார். பட்டா ரத்து; நிலம் பண்ணைக்குப் போனது.

படகிலிருந்த பெண் கவரை வாங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். முக்காடு விலகியது. அம்சம்!

முழங்கால் நனைய நேராக நடந்தாள். சட்டென்று இடப்பக்கம் திரும்பினாள். மறுபடி நேராக. தண்ணீருக்குள் பாதை போட்டு வைத்திருந்த மாதிரி.

உத்திராபதி பதறிப்போய்க் கயாக்கைத் திருப்பினார். அடியில் ஏதோ மேடு இடித்தது. தொப்பென்று விழுந்தார்.

"எந்திரிங்க சார். முங்கிட மாட்டீங்க" என்றாள் அம்சம்.

"அந்தம்மா கையால வாங்கிக்குங்க சார், நான் சாட்சி!" என்று மருதையன் தூரத்திலிருந்து கத்தினார்.

உத்திராபதி சேற்றில் உட்கார்ந்தபடியே கவரை வாங்கினார். "நான் இங்க இருப்பேன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நாலு மாசமா கரையிலேருந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இப்ப சந்தோஷமா?"

"ஒங்கள சஸ்பெண்டு பண்ணிட்டா நெலத்துல ஏறுன உப்பு எறங்கிடுமா சார்?"

"பின்ன எதுக்கு வந்த?"

"ஒரு சந்தேகம். நேர்ல பார்வையிட்டேன்னு எழுதுனீங்களே, அந்த எடம் எங்க இருக்கு? கையக் காட்டுங்க, பாப்போம்."

உத்திராபதி கிழக்கே கையை நீட்டினார். பிறகு மேற்கே. கை பாதியிலேயே நின்றது.

அம்சம் அந்த இரும்புக் குழாயைத் தட்டினாள்.

"இது எம் புருசன் எறக்குன போர் சார். பண்ணைக்காரன் கரைய வெட்டிவுட்டான், ஆறு உள்ள வந்துடுச்சு. நீங்க உக்காந்திருக்கிறது எங்க வரப்பு."