மூன்றாவது மேடு

முழங்கால் மட்டும் பனியில் நின்றபடி புன்னே பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்தாள். சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. புதருக்குள்ளிருந்து ஒரு காட்டுக்கோழிச் சேவல் கத்திக்கொண்டு எழுந்தது. சிவந்த முகம், கழுத்தில் வெள்ளை வளையம், ஒரு முழத்துக்கு வால்.

"ஒண்ணு," என்றார் பக்கத்தில் நின்ற சுரங்கச் சூப்பர்வைசர் கூ. ரோமத் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டிருந்தார்.

அந்த ஊரில் துப்பாக்கி யாரிடமும் கிடையாது. காலால்தான் வேட்டை. காட்டுக்கோழிக்கு உடம்பு கனம். பனி ஆழமாகக் கிடக்கும் நாளில் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குப் பறக்கும், அங்கிருந்து இன்னொன்றுக்கு. மூன்றாவது தடவை இறங்கினால் பிறகு எழும்பாது. தலையைப் பனிக்குள் செருகிக்கொண்டு அப்படியே கிடக்கும், போய்க் கையால் எடுக்கலாம். ஆனால் நடுவில் அதை இளைப்பாற விடக்கூடாது. அது பறக்கப் பறக்க ஆளும் ஓட வேண்டும்.

ஓடிக்கொண்டிருந்தவன் அவள் புருஷன் மான்சிக். நாற்பத்தாறு வயது. அதில் பத்தொன்பது வருஷம் சுரங்கத்துக்குள் நிலக்கரி வெட்டியிருக்கிறான்.

ஓடுவதாகவே பேச்சில்லை. சுரங்கத்து வாசலில் விளக்கறை இருக்கிறது. தலைவிளக்குகளைத் துடைத்து, சார்ஜ் ஏற்றி, உள்ளே போகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை. தூசி இல்லை, உட்கார்ந்து பார்க்கலாம். அங்கே ஓர் இடம் காலியாகியிருந்தது. கம்பெனி டாக்டர், இருமலுக்காக எடுத்த மான்சிக்கின் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றுவிட்டார். இனி கூ அவன் பெயரை எழுதிக் கொடுத்தால்தான் அந்த வேலை உண்டு. போன வாரம் புன்னே அரிசிப் பலகாரத்தைத் துணியில் கட்டிக்கொண்டு கூ வீட்டுக்குப் போனாள்.

"புத்தாண்டுக்கு நம்ம வீட்டுக்கு வரணும் நீங்க. காட்டுக்கோழிக் கொழுக்கட்டை பண்றேன். எங்க வீட்டுக்காரரு பிடிச்சா அன்னைக்கே பிடிச்சு அன்னைக்கே ஆக்குறதுதான். இந்த மலையில அவரு மாதிரி கோழிக்குப் பின்னாடி ஓட ஆள் கிடையாதுங்க."

கடைசி வார்த்தை தானாக வாயிலிருந்து வந்துவிட்டது. கூ அதைப் பிடித்துக்கொண்டார். "அப்படியா? அப்ப நானும் மலைக்கு வரேன். பாத்து எத்தனை வருஷமாச்சு."

விஷயம் தெரிந்ததும் மான்சிக் நான்கு நாள் முன்னாலேயே கண்ணி வைத்துவிட்டான். கூவைக் கூட்டிப்போய், கண்ணியில் விழுந்த கோழியை எடுத்துக் காட்டிவிட்டு இறங்கிவிடலாம் என்று. இன்று காலையில் போய்ப் பார்த்தால் கண்ணியில் இரண்டு இறகும் மரநாய்க் கால்தடமும்தான் இருந்தன. கூ கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார். மான்சிக் கால்பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

இப்போது சேவல் இரண்டாவது மேட்டில் இறங்கியிருந்தது. மான்சிக் சரிவில் ஏறி வந்து நின்றான். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்தான். முதுகு மேலும் கீழும் போவது அவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது. புன்னே கரண்டியைத் தாழ்த்தினாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் போதும். கோழி இளைப்பாறிக்கொண்டு எட்டாத தூரம் போய்விடும்.

"என்னம்மா நின்னுட்டே? அடி அடி, விட்டா தெம்பாயிடும்," என்றார் கூ.

புன்னே அடித்தாள்.

சேவல் எழுந்தது. மான்சிக்கும் எழுந்தான். மூன்றாவது மேட்டின் பைன் மரங்களுக்குள் இரண்டு பேரும் மறைந்தார்கள். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு அவன் வெளியே வந்தான். கூ கை தட்டினார். மரத்தடிப் பனியை அவன் காலால் தள்ளித் தள்ளி எதையோ மூடுவதைப் புன்னே பார்த்தாள். மூடிய பிறகும் அந்த இடம் முழுசாக வெள்ளையாகவில்லை.

வீட்டில், நெசவு மில்லிலிருந்து லீவில் வந்திருந்த மகள் யோங்ரன் மாவைப் பிசைந்து வைத்திருந்தாள். கோழியைச் சூடு ஆறுவதற்குள் உரித்தார்கள். நெஞ்செலும்பைக் கறியோடு சேர்த்து, பல்லில் படாத அளவுக்குப் புன்னே கத்தியால் கொத்தினாள். கிம்ச்சிக் கோஸ் ஊறுகாயைப் பிழிந்து போட்டாள், சோயாக்கட்டியை நசுக்கிச் சேர்த்தாள். மீதி எலும்பு பானையில் கொதித்தது.

"என்னம்மா இது, அந்த ஆளுக்குக் கொழுக்கட்டையா, தலைகாணியா?" என்றாள் யோங்ரன்.

"மெதுவா பேசுடி. பெருசா இருந்தா என்ன, வயிறு நிறையட்டும்."

"அப்பாவுக்கு உதடு நீலமா இருக்கு."

"குளிரு."

அடியில் அடுப்புச் சூடு ஓடுகிற தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து கூ பதினோரு கொழுக்கட்டை சாப்பிட்டார். சாறைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார். சோஜூ சாராயத்தை மான்சிக்குக்கு அவரே ஊற்றிக் கொடுத்தார். மான்சிக் இரண்டு கையாலும் வாங்கி, மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தான். இருமல் வரும்போதெல்லாம் வாயில் கொழுக்கட்டையை வைத்து அடைத்தான்.

"மான்சிக்கு, உன் பேரை எழுதிடலாம்னுதாம்ப்பா நேத்து வரைக்கும் இருந்தேன். சத்தியமா." கூ உதட்டைத் துடைத்தார். "ஆனா இன்னைக்கு என் கண்ணால பாத்துட்டேனே. மூணு மேடு. என்னால ஒண்ணு ஏற முடியாது. இந்த ஆளுக்கு மூச்சு இல்லேன்னு நான் எப்படி எழுதுறது, சொல்லு. டாக்டரு சொன்னது சரிதான்."

"இல்லைங்க," என்றாள் புன்னே. கையில் அகப்பை இருந்தது. "ராத்திரியெல்லாம் இருமுறாருங்க. அங்க மலையிலகூட, மரத்துக்குப் பின்னாடி..."

"எந்தச் சுரங்கத்தான்மா இருமாம இருக்கான்? நானும்தான் இருமுறேன்."

புன்னே புருஷனைப் பார்த்தாள். அவன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சொல்லேன்," என்றாள்.

"என்னத்த சொல்ல," என்றான் மான்சிக். "ஓடினேன்ல."

"வருத்தப்படாதே," என்று கூ அவன் தொடையில் தட்டினார். "கரி வெட்டுற எட்டாம் நம்பர் முகப்புல ஆள் பத்தல. உள்ள ரொம்ப தூரம், செங்குத்து ஏத்தம். உன்னை மாதிரி ஆளுதான் வேணும். கூலியும் கூட. நானே சொல்லிவைக்கிறேன்." எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். செருப்பு விடும் படியில் நின்று புன்னேயிடம், "சும்மா சொல்லக்கூடாதும்மா, இப்படி ஒரு கொழுக்கட்டை எங்க அம்மாகூடப் பண்ணதில்லை," என்றார். மனசாரத்தான் சொன்னார். யோங்ரன் மீதியைத் துணியில் கட்டிக் கொடுத்தாள்.

அன்றைக்கு யாரும் மறுபடி அடுப்பு மூட்டவில்லை. "நான் அடிக்காம இருந்திருக்கணும்," என்றாள் புன்னே பானையைத் தேய்த்துக்கொண்டே. மான்சிக் சுவரோரம் படுத்திருந்தான். தூங்கவில்லை.

விடுமுறை முடிந்த திங்கட்கிழமை ஏழு மணி ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. புன்னே வாசலில் நின்று பார்த்தாள். சுரங்க வாசலுக்கு ஏறுகிற கரிப்பாதையில் ஆட்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பாதிச் சரிவில் மான்சிக் ஒதுங்கி நின்றான். ஒரு காலின் ரப்பர் பூட்ஸைக் கழற்றி, உள்ளே கல் புகுந்துவிட்டதுபோல் கவிழ்த்து உதறினான். ஒன்றும் விழவில்லை. குனிந்த முதுகு மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வந்தவர்கள் அவனைத் தாண்டிப் போனார்கள். மாட்டிக்கொண்டு இருபது அடி நடந்தான். நின்று அடுத்த பூட்ஸைக் கழற்றினான்.