கூடக் காய்ச்சிய நீராவி

1
கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழைய இரும்புக் கடையில் துருவேறிய குழாய்ச் சுருள் ஒன்று கிடந்தது. இது எதற்கு என்று கேட்டுத் தொலைத்தேன். இந்தக் கதை அப்படித்தான் என் தலையில் விழுந்தது.

2
1978. மழை விடாமல் பெய்து— (வேண்டாம். கொச்சி என்றாலே மழைதானா?)

இசக்கிமுத்து ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவர். ஓய்வு பெற்றபின் தேங்காயெண்ணெய் மில்லில் பாய்லர் பார்த்தார். எஞ்சினுக்குத் தண்ணீர் கலந்த ஈர நீராவி ஆகாது. கூடக் காய்ச்சியதுதான் ராஜா. அந்த நினைப்பிலேயே முதலாளியிடம் வாதாடி, நீராவியை மறுபடி காய்ச்ச ஒரு குழாய்ச் சுருளைப் பொருத்தினார்.

நீராவியின் சூடு கூடியது. ஆனால் கொப்பரையை வேகவைக்கும், இரண்டு சுவருக்கு நடுவே நீராவி ஓடும் அண்டா முன்னைவிட மெதுவாகக் காய்ந்தது. பழி, அண்டா பார்க்கும் ஒச்சம்மாள் தலையில் விடிந்தது. சோம்பேறி என்று சொல்லி முதலாளி அவளை நிறுத்திவிட்டார். அவள் கூலி வந்தால்தான் வீட்டில் உலை ஏறும்.

போகும்போது அவள் இசக்கிமுத்துவிடம் வந்தாள்.

"முன்னாடி அண்டாக் குழாயில தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கும்ணே. இப்பச் சொட்டுதான் வருது. நீங்களாச்சும் மொதலாளிகிட்டப் பறைங்க."

3
(அடிக்குறிப்பாக இருக்கவேண்டியது. அடியில் போட்டால் யார் படிப்பார்கள்?) சாதாரண நீராவி அண்டாச் சுவரில் பட்டதும் தண்ணீராகிறது; குழாயில் ஊற்றியது அதுதான். அப்படி மாறும்போதுதான் தன் சூட்டையெல்லாம் கொட்டிக் கொடுக்கிறது. கூடக் காய்ச்சியது முதலில் ஆறவேண்டும், அதுவரை கஞ்சன். எஞ்சினை ஓட்டுவது வேறு, அண்டாவைச் சுடவைப்பது வேறு. இசக்கிமுத்துவுக்கு அவள் சொன்ன பிறகுதான் உறைத்தது. அவமானத்தில் அன்று அவர் அண்டாப் பக்கமே போகவில்லை.

4
முதல் முடிவு: அவர் தப்பை ஒப்புக்கொள்கிறார், முதலாளி ஒச்சம்மாளைத் திரும்ப அழைக்கிறார். (எழுதிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

இரண்டாம் முடிவு: ஞாயிற்றுக்கிழமை மில் மூடியிருந்தபோது யாருக்கும் தெரியாமல் சுருளைக் கழற்றிவிட்டார். திங்கட்கிழமை அண்டா பழையபடி மளமளவென்று காய்ந்தது. அதன் பக்கத்தில், ஒச்சம்மாள் இடத்துக்குப் புதிதாக வந்த கங்கா நின்றாள்.

"கண்டோ இசக்கி? அவளப் பறஞ்ஞு விட்டது நன்னாயி," என்றார் முதலாளி. அவளை அனுப்பியது நல்லதாயிற்றாம்.

இவர் தலையாட்டினார். அவள் போனதும் அண்டா காய்ந்ததே, அவள்தான் சோம்பேறி என்பதற்கு இவரே சாட்சியம் உண்டாக்கிக் கொடுத்ததாயிற்று. இந்த முடிவை மூன்று முறை அடித்துவிட்டு வேறு எழுதிப் பார்த்தேன். மற்றதெல்லாம் பொய்யாகத் தெரிந்தது.

5
அன்று சாயங்காலம் பள்ளுருத்தியில் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். இவர் முகத்தைப் பார்த்ததும் ஒச்சம்மாள் கேட்டாள்:

"மொதலாளி கூப்பிட்டாராண்ணே?"

இசக்கிமுத்து வாயைத் திறந்து, "ஒச்சம்மா, அந்த அண்டா—"

இதற்குமேல் எனக்கு ஓடவில்லை. சொந்தத் தப்பைச் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர் உங்களில் யாராவது இருப்பீர்கள். அந்த வாக்கியத்தை நீங்கள் முடியுங்கள். அவள் காத்திருக்கிறாள்.