படுதாவுக்கு அந்தப் பக்கம் நாகையா

சித்தூர் தேவானந்தம் வாத்தியாருக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஜெர்மானியன்தான். வயிற்றெரிச்சலுக்கு அந்த ஒருவனே போதுமாக இருந்தான்.

டாக்டர் கெஸ்லர் பெர்லினில் பெரிய பேர் எடுத்தவர். ஒரே பாயில் படுக்கிற புருஷனும் பெண்டாட்டியும் ஏன் ஒட்டாமல் போகிறார்கள் என்று கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் அவர் வைத்தியம். அதற்கென்றே ஆஸ்பத்திரி நடத்தினார், புத்தகம் எழுதினார். ஹிட்லர் ஆட்கள் வந்தார்கள். ஆஸ்பத்திரியைப் பூட்டினார்கள், புத்தகங்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். கப்பலேறி மெட்ராஸுக்கு வந்தவரைப் பழைய சிநேகிதரான ஒரு பாதிரியார் சித்தூருக்கு அழைத்துக்கொண்டார். வாரநாளில் சித்தூர், சனிக்கிழமையில் திருப்பதி. பிள்ளை வரம் கேட்டு மலையேறிய தம்பதிகள் இறங்கி வரும்போது, பெருமாளிடம் சொன்னதை இந்தத் தொரையிடமும் சொல்லிப் பார்ப்போமே என்று அவர் வாசலில் வந்து நின்றார்கள்.

வந்தவர்களுக்குத் தமிழும் தெலுங்கும்தான் தெரியும். டாக்டருக்கு அவை இரண்டும் தெரியாது. நடுவில் உட்கார்ந்து இங்கிலீஷில் எடுத்துச் சொன்ன நர்சு லோயிஸ், வாத்தியாரின் மனைவி.

பொம்பளை முகத்தைப் பார்த்து எந்த ஆம்பளை இதையெல்லாம் சொல்வான்? முதல் மாதம் வந்தவன் எல்லாம் வயிற்றுவலி என்று சொல்லி மருந்து வாங்கிக்கொண்டு ஓடினான். லோயிஸ்தான் அறையின் குறுக்கே ஒரு படுதா கட்டச் சொன்னாள். ஆள் அந்தப் பக்கம், டாக்டரும் அவளும் இந்தப் பக்கம். அதற்குப் பிறகு பாருங்கள், நகரி நெசவுக்காரன் முதல் கார்வேட்டிநகரம் குடியானவன் வரை மடை திறந்த மாதிரி பேசினார்கள். சந்தோஷம் தாங்காமல் டாக்டர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். வீட்டுக்கு வந்து அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். அன்று வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை.

கையைக் குலுக்கினானாமே, கையை! அந்தக் கையை அவர் தொட்டு மூன்று வருஷம் ஆகிறது. கல்யாணமான புதிதில் ஒரு ராத்திரி முடியாமல் போனது. மறுநாளும் அப்படித்தான். அப்புறம் பயம் பிடித்துக்கொண்டது, சுவரைப் பார்த்துப் படுக்க ஆரம்பித்தார். லோயிஸ் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காததுதான் அவரைக் கரையான் மாதிரி அரித்தது. இங்கே வாய் திறக்காதவள் அங்கே போய் என் கதையைச் சொல்லி, அந்த வெள்ளைக்காரனோடு சேர்ந்து சிரிக்கிறாளோ?

"அந்த வேலைய உட்டுடு. ஊரே சிரிக்குது" என்றார்.

"ஊரு சிரிக்கலீங்க. வரிசையில நின்னுக்கினு கீது" என்று சொல்லிவிட்டு அவள் ரயிலுக்குப் போய்விட்டாள்.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு கட்டினார் வாத்தியார். அடுத்த சனிக்கிழமை அவளுக்குப் பின்னாலேயே வேறு பெட்டியில் ஏறித் திருப்பதியில் இறங்கினார். சட்டையையும் செருப்பையும் கழற்றிப் பைக்குள் திணித்தார், தலையில் துண்டைச் சுற்றினார். வாசலில் பேர் கேட்டவனிடம் "நகரி நாகையா" என்றார். பைபிளைத் தொட்டுப் பாடம் சொல்லுகிற மனுஷர் கூசாமல் பொய் சொன்னார்.

படுதாவுக்கு அந்தப் பக்கம் டாக்டர் எதற்கோ சிரித்தார். வாத்தியாருக்கு உடம்பெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியது போல் எரிந்தது. அப்போது லோயிஸின் குரல் வந்தது.

"பயப்படாத சொல்லுங்க நாகையா. உங்க முகத்த இங்க யாரும் பாக்கல."

அப்படி ஒரு இதமான குரலை வீட்டில் அவர் கேட்டதே இல்லை. சொல்லலாம் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்த பொய் வாய்க்கு வரவில்லை.

"மூணு வருசமாச்சும்மா" என்றார், குரலை மாற்றிக்கொண்டு. "சம்சாரத்துகிட்ட போனாலே ஒடம்பு நடுங்குது."

படுதாவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"அவங்க ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல. அதான் பயமா கீது."

அவள் டாக்டருக்கு இங்கிலீஷில் சொன்னாள். வாத்தியார் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கேலியாக ஒரு சொல் விழட்டும், அங்கேயே படுதாவைக் கிழித்துவிடலாம். விழவில்லை. "மனைவி இவரை வெறுக்கிறாளா, கேள்" என்றார் டாக்டர். லோயிஸ் கேட்கவில்லை. தானே இங்கிலீஷில் பதில் சொன்னாள்.

"இல்லை டாக்டர். கேட்டால் இன்னும் விலகிப் போய்விடுவாரோ என்று பயந்துகொண்டிருக்கிறாள்."

அடிப்பாவி! யாரோ ஒரு நகரிக்காரனுக்காக இவ்வளவு பரிந்து பேசுகிறாளே என்று வாத்தியாருக்கு நெஞ்சு வெந்தது.

டாக்டரின் வைத்தியம் இதுதான்: கொஞ்ச நாளைக்குச் சேரவே வேண்டாம், கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். லோயிஸ் அதை இந்த ஊர் ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி விரதம் என்று சொல்லுவாள். விரதம் என்றால் யாரும் ஏன் முடியவில்லை என்று கேட்க மாட்டார்கள், பயத்துக்கும் இடமில்லை.

"ஒரு மண்டலம் விரதம், நாகையா. கை மட்டும்தான்" என்றாள்.

சாயங்கால ரயிலில் சட்டையும் செருப்புமாக அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார் வாத்தியார். பள்ளிக்கூட வேலையாக வந்ததாகச் சொன்னார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிந்ததா?

"இன்னிக்கி யார் யாரு வந்தாங்க?"

"நகரிலேர்ந்து ஒருத்தரு. நல்ல மனுசன்."

"மூஞ்சப் பாக்காமலே நல்ல மனுசனா?"

"வாயத் தொறந்து சொன்னாரே. வூட்ல கீறவரு மூணு வருசமா சொல்லாதத."

வாத்தியாருக்கு நாகையாவை வெட்டிப் போட்டால் தேவலை என்றிருந்தது. ஜெர்மன்காரனை அவர் மறந்தே போனார். பாழாய்ப்போன அந்த நாகையாவுக்கு மட்டும் அப்படி ஒரு குரலா?

லோயிஸ் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"படுதா தரையைத் தொடாதுங்க" என்றாள் மெல்ல. "காலு தெரியும். பெஞ்சு விழுந்து பிளந்த கட்டைவிரலுக்கு நான்தானே கட்டு போட்டேன்?"

வாத்தியார் காலைப் பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டார். அவமானத்தில் காது சிவந்தது. அவள் தன் கையைப் பலகைமேல், இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். கட்டின நாளாகப் புருஷன் பேரை ஒரு தரம்கூடச் சொல்லாதவள், அவர் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்:

"அடுத்த சனிக்கிழம வருவீங்களா, நாகையா?"

ரயில் பாகாலா ஸ்டேஷனைத் தாண்டியது. வாத்தியார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ வேலைய உடாத இருந்தா வர்றேன்" என்றார்.