நாற்பது அடி தள்ளி

கிருஷ்ணஸ்வாமி பென்சிலை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். சாப்பாட்டு மேசைமேல் விரித்திருந்த டிரேசிங் தாளில் கோடு சரியாகத்தான் விழுந்திருந்தது. கோர்படி ரயில்வே கேட்டுக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டினால் அதற்குள் இறங்கும் சாலை எங்கே தொடங்கவேண்டும், எவ்வளவு சரிவு, எவ்வளவு அகலம் என்று மூன்று நாளாகப் பார்த்துப் பார்த்து வரைந்த கோடு. கிழக்கே ராணுவத்தின் மதில். அதில் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த முடியாது என்பது ராணுவப் பொறியியல் அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவருக்குத் தெரியும். மேற்கே சாலையோரப் பிள்ளையார் கோயில். மராட்டி பேசும் அந்த ஊருக்கு ரயில்வே வேலையாக வந்த தமிழர்கள் அறுபதுகளில் கட்டியது. எப்படி வளைத்தாலும் கோடு கருவறை வழியாகவே போயிற்று. இரண்டு முறை அழித்து வரைந்து பார்த்தார். மூன்றாம் முறையும் அங்கேதான் வந்தது.

ஆனந்தவல்லி காப்பியோடு வந்து மேசைப் பக்கம் குனிந்து பார்த்தாள். முப்பது வருஷமாக அவர் வரைபடங்களைப் பார்த்துப் பழகியவள், கோடு குறுக்கே போன சின்னச் சதுரத்தைக் கண்டதும் புரிந்துகொண்டாள்.

“இது நம்ம பிள்ளையார் இருக்கற எடமா?”

“ஆமாம். நாப்பது அடி தள்ளி வெக்கணும்.”

அவள் காப்பி சிந்திவிடாதபடி டம்ளரைத் தாளிலிருந்து விலக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவர் வரைந்தது ஜோசபினுக்காக. இரண்டாயிரத்து ஏழு பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தல். அவர்கள் வார்டு அந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ரயில்வே மருந்தகத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஜோசபின் சுயேச்சையாக நிற்பதாகச் சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து இருபத்துமூன்று வயதில் வந்தவள். கணவர் ரயில்வே கார்டாக இருந்து காலமாகிப் பத்து வருஷம். மகள் கல்யாணமாகி நாக்பூரில். அந்தப் பக்கத்தில் அவளிடம் ஊசி போட்டுக்கொள்ளாத தமிழ்க் குழந்தை கிடையாது; எல்லாருக்கும் அவள் சிஸ்டர்தான். கேட் என்றால் அவளுக்கு ஒரு வெறி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூடுகிறார்கள், எத்தனை ஆம்புலன்ஸ் நின்றது என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தாள். மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய்த்தான் தேர்தலில் இறங்கினாள்.

அந்த நோட்டில் கிருஷ்ணஸ்வாமியும் ஒரு வரியாக இருந்தார். நாலு வருஷத்துக்கு முன் ஆபீஸ் போகும் வழியில் ஆட்டோவில் அவருக்கு மார்வலி வந்தது. கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் போய், எதிர்ப்புறம் இன்னொன்று வருவதற்காகத் திறக்காமலே வைத்திருந்தார்கள். பத்தொன்பது நிமிஷம். பின்னால் லூனா மொபெட்டில் நின்றிருந்த ஜோசபின் எட்டிப் பார்த்து, வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு, பர்ஸிலிருந்த மாத்திரையை அவர் வாயில் போட்டுக் கடித்து மெல்லச் சொல்லி, ஆட்டோவில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கேட் திறக்கும்வரை அவள் உதடு அசைந்துகொண்டிருந்ததை அவர் பார்த்தார். நாடித்துடிப்பை எண்ணுகிறாள் என்று முதலில் நினைத்தார். பிறகுதான் ஜெபம் என்று தெரிந்தது. அந்த மாத்திரைதான் காப்பாற்றியது என்று டாக்டர் சொன்னார். ஆனந்தவல்லி பிள்ளையாருக்கு நூற்றெட்டு தேங்காய் உடைத்தாள். எது காப்பாற்றியது என்பதைப் பற்றி அந்த வீட்டில் பேசிக்கொண்டதில்லை.

ஆகவே, வேட்புமனுவில் முன்மொழிகிறவராகக் கையெழுத்துப் போடுவீர்களா என்று அவள் வந்து கேட்டபோது கிருஷ்ணஸ்வாமி உடனே போட்டார். தமிழில் நோட்டீஸ் எழுதித் தருவதாகவும் அவரே சொன்னார். நேர்த்தியான கையெழுத்து அவருக்கு. சுரங்கப்பாதை, தெருவிளக்கு, சாக்கடை எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், ‘மதத்தைப் பார்க்காதீர்கள், மனிதரைப் பாருங்கள்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தார். எழுதியபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஜோசபின் படித்துக்கொண்டே வந்து அந்த வரியில் நிறுத்தினாள்.

“இத எடுத்துருங்க சார்.”

ஏன் என்று கேட்டார்.

“மதத்தப் பாக்காதீங்கன்னா, எங்கிட்ட ஏதோ ஒரு குறை இருக்கு, அதப் பொறுத்துக்கிட்டு ஓட்டுப் போடுங்கன்னு கேக்க மாதிரி இருக்கு. நான் ஜெபம் பண்ணித்தான் சார் இதுல எறங்குனேன். அது இல்லன்னா இந்த வயசுல ஏன் வீடு வீடா நடக்கேன்?”

அவர் அந்த வரியை அடித்துவிட்டார். ஆனால் அது பல நாள் அவரை விடவில்லை. தனக்கு மதம் ஒரு பொருட்டில்லை என்றுதான் அவர் எப்போதும் நினைத்திருந்தார். ஆபீஸில் பக்கத்து மேசையில் ஒரு பஞ்சாபி, எதிரே ஒரு கொங்கணி முஸ்லிம். பதினெட்டு வருஷத்தில் ஒரு மனஸ்தாபம் கிடையாது. யாரும் யாரிடமும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் அதற்குக் காரணமோ என்று இப்போது தோன்றியது. அந்த இரண்டு பேரும் எதற்காக வேண்டிக்கொள்வார்கள், எதற்குப் பயப்படுவார்கள் என்று அவருக்குத் தெரியாது. அவர்கள் டிபன் பாக்ஸில் என்ன வரும் என்பது மட்டும் தெரியும்.

சுரங்கப்பாதைப் படத்தை ஜோசபின் ஜெராக்ஸ் எடுத்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். வலது மூலையில் ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தை அவர் காலியாக விட்டிருந்தார். அவள் அதைக் கவனித்தாள், கேட்கவில்லை. படம் பரவிய இரண்டாம் நாளே பேச்சும் பரவியது. கிறிஸ்தவச்சி பிள்ளையாரை எடுக்கச் சொல்கிறாளாம். கேட்டெல்லாம் சாக்கு. விஸ்வேஸ்வரன் அப்படிப் பேசவில்லை. கோயில் கமிட்டித் தலைவர், ஓய்வு பெற்ற பாங்க் மானேஜர். காலை நடையில் கிருஷ்ணஸ்வாமிக்குத் துணை. சிஸ்டர் நல்லவள், அவளைப் போல் உழைக்கிறவள் கிடையாது, ஆனால் இந்த விஷயத்தை அவள் வாயிலிருந்து கேட்கத்தான் கஷ்டமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். எல்லாருக்கும் முன்னால் அவளே வந்து விளக்கட்டும் என்று ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில் ஒரு ஞாயிறு சாயங்காலம் கூட்டம் ஏற்பாடு செய்தார்.

அதற்கு முதல் நாள் கிருஷ்ணஸ்வாமி ஜோசபின் வீட்டுக்குப் போய், கோயிலைத் தொடமாட்டோம் என்று இப்போதைக்குச் சொல்லிவிடலாம், ஜெயித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். வேறு வழியில் கோடு போகுமா என்று அவள் கேட்டாள். போகாது என்றார். அப்படியானால் எப்படிச் சொல்வது என்று கேட்டாள்.

ஹாலில் நூறு நூற்றைம்பது பேர் இருந்தார்கள். கிருஷ்ணஸ்வாமியும் ஆனந்தவல்லியும் மூன்றாவது வரிசை. ஜோசபின் சுருக்கமாகத்தான் பேசினாள். கேட், ஆம்புலன்ஸ், சரிவு, கடைசியில் கோயில். நாற்பது அடி தள்ளி, இதே அளவில், மாநகராட்சிச் செலவில். சர்ச்சாக இருந்தால் எடுக்கச் சொல்வாயா என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. தேவைப்பட்டால் அதையும் கேட்பேன் என்றாள். யாரோ சிரித்தார்கள். விஸ்வேஸ்வரன் எழுந்து, படத்தைத் தூக்கிக் காட்டி, இதை வரைந்தது யார் என்று நிதானமாகக் கேட்டார்.

கிருஷ்ணஸ்வாமி கைகளை முழங்கால்மேல் வைத்திருந்தார். எழுந்துவிடலாம் என்று நினைத்தார். எழுந்தால் எழுந்துவிடலாம், நாற்காலி கொஞ்சம் கிறீச்சிடும், அவ்வளவுதான். நாளைக் காலை நடை, புரட்டாசி சனிக்கிழமை பஜனை, கோயில் மண்டபத்துக்குத் தான் போட்டுக் கொடுத்த பிளான் என்று வரிசையாக ஏதேதோ வந்தது. ஆனந்தவல்லி ஒரு முறை அவர் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் பார்த்தாள். ஜோசபின் மூன்றாவது வரிசையைப் பார்க்கவேயில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டு, “நான் கேட்டு வரஞ்சதுதான். பொறுப்பு என்னுது” என்றாள்.

விஸ்வேஸ்வரன் படத்தை மடித்தார். பிறகு, “சரி. பிள்ளையாரைப் புது எடத்துல வெக்கற அன்னிக்கு நீங்க வந்து கும்பிடுவேளா?” என்று கேட்டார்.

“வருவேன் சார். செருப்பக் கழத்திட்டு நிப்பேன். கும்பிட மாட்டேன். மனசில்லாம கும்பிட்டா உங்களையும் ஏமாத்துதேன், அவரையும் ஏமாத்துதேன்.”

அவர் என்று யாரைச் சொன்னாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது.

எதிர்த்து நின்றவள் முன்னாள் கவுன்சிலரின் மனைவி. அடுத்த செவ்வாய்க்கிழமை பிள்ளையார் கோயிலுக்கு வந்து, ஆரத்தி எடுத்து, மராட்டியில் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனாள். கேட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. சர்ச்சில் ஜோசபினை ‘நம்ம ஆள்’ என்று சொல்லி ஓட்டுக் கேட்கக் கிளம்பினார்களாம். அவள் வேண்டாம் என்றதில் அங்கேயும் சிலருக்கு வருத்தம் என்று கேள்வி.

தேர்தலன்று கணவனும் மனைவியும் ஒன்றாக நடந்து போய் ஓட்டுப் போட்டார்கள். கிருஷ்ணஸ்வாமி ஜோசபினின் சீலிங் ஃபேன் சின்னத்துக்கு எதிரே இருந்த பொத்தானை அழுத்தினார். அழுத்தும்போது சுரங்கப்பாதையை நினைக்கவில்லை. அவள் நல்ல கவுன்சிலராக இருப்பாளா என்றும் நினைக்கவில்லை. மூன்றாவது வரிசையைத்தான் நினைத்தார். வெளியே வந்து இருவரும் விரல் மையை வெயிலில் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கு என்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஜோசபின் முந்நூற்று நாற்பது ஓட்டில் தோற்றாள். தமிழர்கள் அதிகமுள்ள அவர்கள் சாவடியிலேயே அவளுக்கு விழுந்தது எழுபத்துநாலுதான். அன்று மாலை ஆனந்தவல்லி கொத்தவரங்காயை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

“நான் சிஸ்டருக்குப் போடலை.”

அவர் பேப்பரை மடித்து வைத்தார். கும்பிடமாட்டேன் என்று சொன்னதற்காகவா என்று கேட்டார்.

“அதுல என்ன தப்பு? அவ சாமி அவளுக்குப் பெரிசு, அதை மறைக்காம சொன்னா. எனக்கும் என் சாமி பெரிசுதானே. உங்களை ஆஸ்பத்திரில வெச்சிருந்தப்போ நான் அந்தப் பிள்ளையாரைச் சுத்தி சுத்தி வந்த எடம் அது. அது குழியாகணும்னு என் கையாலயே அமுக்க வரலை.” காம்புகளைத் தனியே ஒதுக்கினாள். “கோடு போட்டது நீங்கோதான்னு அன்னிக்கு எழுந்து சொல்லியிருந்தேள்னா என்ன பண்ணியிருப்பேனோ, தெரியலை.”

மறுநாள் காலை நடையில், ராணுவ மதிலை ஒட்டிப் போகும்போது, அந்தப் படத்தை வரைந்தது நான்தான் என்று அவர் விஸ்வேஸ்வரனிடம் சொன்னார். விஸ்வேஸ்வரன் நடையை நிறுத்தவில்லை.

“தெரியும். வடக்கு காட்ட நீர் போடற அம்புக்குறி வேற யாருக்கு வரும்? நம்ம மண்டபத்து பிளான்லயும் அதேதான்.”

“தெரிஞ்சுண்டேதான் கேட்டேளா?”

“நீர் எழுந்து நிப்பீர்னு நெனச்சேன்.” கொஞ்ச தூரம் போனபின் தொடர்ந்தார். “நீர் சொல்லியிருந்தா கமிட்டில பேசி முடிச்சிருக்கலாம். நாப்பது அடிதானே.”

கிருஷ்ணஸ்வாமிக்கு அந்தக் கடைசி வார்த்தை உடனே உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. கோயில் நாற்பது அடி நகர்வதில் விஸ்வேஸ்வரனுக்கே தடை இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் ஜோசபின் வீட்டுக்குப் போனார்கள். போகவேண்டும் என்று சொன்னது ஆனந்தவல்லிதான். முன்கதவு திறந்திருந்தது, ஆள் கொல்லையில் இருந்தாள். தெருவில் கட்டியிருந்த துணி பேனர்களை அவிழ்த்துக்கொண்டு வந்து, பெரிய அலுமினியத் தொட்டியில் ஊறப்போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தாள். நல்ல காடாத் துணி, தலையணை உறைக்கு ஆகும் என்றாள். மராட்டியில் எழுதியது சீக்கிரம் போய்விட்டது, தமிழில் எழுதினவன்தான் நல்ல சாயம் போட்டிருக்கிறான் என்றாள். அவள் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

கிருஷ்ணஸ்வாமி வாசற்படியிலேயே நின்று, “அன்னிக்கு நான் எழுந்து சொல்லியிருக்கணும்” என்றார்.

ஜோசபின் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “ஆமா சார்” என்றாள். பிறகு பேனரின் ஒரு முனையை இழுத்துத் தொட்டியிலிருந்து எடுத்தாள். ஈரத்தில் கனத்து, நீளமாக வந்துகொண்டே இருந்தது. மறுமுனை தரையில் விழாமல் ஆனந்தவல்லி புடவையைச் செருகிக்கொண்டு போய்ப் பிடித்தாள்.

“விடுங்க மாமி, சேலை நனஞ்சிரும்.”

“நனையட்டும். சிஸ்டர், நான் உங்களுக்கு...”

“நீங்க அந்தப் பக்கமா முறுக்குங்க. நான் இந்தப் பக்கமா முறுக்குதேன்.”

இருவரும் முறுக்கினார்கள். பாதி அழிந்த எழுத்துகள் மடிப்புக்குள் போயின. சிவப்புத் தண்ணீர் முதலில் கொட்டி, பிறகு ஒழுகி, பிறகு சொட்டியது. துணி முறுக முறுகக் குட்டையாகிக்கொண்டே வந்தது. அதைப் பிடித்திருந்த இருவரும் ஓரோர் அடியாக முன்னால் நகர்ந்தார்கள்.