அப்பனை உரித்து வைத்தாற்போல

"கிழிச்சுப் போடு அந்தக் கடுதாசிய!" என்றாள் மாமியார்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதம் அது. ஏழு வயதுப் பேத்தி பக்கத்தில் இருந்த பெண்ணைக் கடித்துவிட்டாள். இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. குழந்தைகளுக்கான மனநல மருத்துவரிடம் காட்டும்படி ஆசிரியை எழுதியிருந்தார். தெருவே 'வாலு' என்று கூப்பிடும் பேத்தி, கட்டிலுக்கடியில் ஒடுங்கிக் கிடந்தாள்.

சலவைக்கூடத்தில் நாள் முழுக்க இஸ்திரி போட்டுவிட்டு வந்த மருமகள், கடிதத்தை விடாமல் பிடித்திருந்தாள்.

"அப்பனை உரிச்சு வெச்சிருக்கா. அவனும் கடிப்பான், கையில கெடச்சத உடைப்பான். அப்பவும் ஒரு வாத்தியார் இதத்தான் சொன்னாரு. எம்புள்ள என்ன பைத்தியமான்னு சண்ட போட்டு வேற பள்ளிக்கூடத்துல சேத்தேன்."

மருமகளுக்கு இது புதுச் செய்தி. பெண் பார்க்க வந்த அன்று யாரும் இதைச் சொல்லவில்லை. பதினாலு வயதிலேயே அவன் குடிக்க ஆரம்பித்ததையும் சொல்லவில்லை. ஒரு கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான் என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தார்கள். அந்தக் கட்டு இவள். பிறந்த வீட்டில் போய் அழுதபோது, "ஆம்பளன்னா அப்படி இப்படித்தான் இருப்பான்" என்றாள் அம்மா. அதன்பிறகு இவள் யாரிடமும் எதையும் சொல்வதில்லை.

"வெளிய தெரிஞ்சா நாளைக்கு இவள எவன் கட்டுவான்?"

"உங்க மகன நான் கட்டலையா அத்தை?"



மறுநாள் காலை மருமகள் லீவு சொல்லிவிட்டு மகளைக் கிளப்பினாள். லேத் பட்டறை வேலையை இழந்து வீட்டில் கிடக்கும் கணவன் எழுந்து உட்கார்ந்தான்.

"எங்க?"

"டாக்டர்கிட்ட."

கத்துவான் என்று நினைத்தாள். அவனோ மகளின் காலடியில் குந்தி, நடுங்கும் விரல்களால் ஷூவின் கயிற்றைக் கட்டினான். மூன்றாம் முறைதான் முடிச்சு விழுந்தது.

"என்னைய அடிச்சாங்க. ரூமுக்குள்ள போட்டுப் பூட்டுனாங்க. ஏன்டா இப்படிப் பண்றன்னு மட்டும் ஒருத்தரும் கேக்கல."

"நீங்களும் வாங்க. உங்களுக்கும் காட்டலாம்."

"எனக்கெல்லாம் இனிமே என்ன..." என்றான். வயது முப்பத்திரண்டு.

பஸ் நிறுத்தத்திலிருந்து பார்த்தால் வீட்டு வாசல் தெரியும். முதல் பஸ்ஸை விட்டாள். இரண்டாவதையும் விட்டாள்.

"அப்பா வரலையாம்மா?"

மூன்றாவது பஸ்ஸில் ஏறி, ஒரு முழு டிக்கெட்டும் ஒரு அரை டிக்கெட்டும் வாங்கினாள்.