ஆர்வினின் தொழுவம்

"நேரா கல்லறைக்கே போயிடலாம்மா. ரோடு பூரா சேறு" என்று அம்மாவின் கோட்டுப் பொத்தான்களைப் போட்டபடியே மறுபடியும் சொன்னாள் சிக்னே. அம்மா ஆர்லீன் அதைக் காதில் வாங்கவே இல்லை. டேன் கவுண்டி என்ற அந்த மாவட்டத்தில் மாடு வைத்துப் பிழைத்தவர் செத்தால், சவ வண்டி அவர் தொழுவத்து வழியாகத்தான் போகும். வாசலில் கொஞ்ச நேரம் நிற்கும். ஓட்டுநருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தொழுவத்தில் ஒரு மாடுகூட இல்லை, அதை அம்மாவிடம் சிக்னே இன்னும் சொல்லவில்லை.

அப்பா ஆர்வின் மாநிலத் தலைநகரத்து ஆஸ்பத்திரியில் படுத்ததிலிருந்து ஆர்லீன் பண்ணைப் பக்கமே போகவில்லை. பகலெல்லாம் அவர் கட்டிலருகே, தூங்குவதற்கு மட்டும் சிக்னேயின் ஃபிளாட். சிக்னே விடியுமுன் பண்ணைக்குப் போய்ப் பால் கறந்து, அங்கிருந்து அரசாங்க அலுவலகத்துக்கு ஓடி, சாயங்காலம் மறுபடி கறக்க ஓடி நொந்து நூலாகிப்போனாள். கடைசியில் மாடுகளை விற்று, லாரியை வரவழைத்து ஏற்றி அனுப்பிவிட்டாள். அப்பா மட்டும் தினமும் கேட்டார், "கறந்தாச்சா?" என்று. கண்ணை மூடிய அன்றைக்கும் அதையேதான் கேட்டார். ஆச்சுப்பா என்று அவளும் வாய் கூசாமல் சொன்னாள்.

அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். துக்கம் கேட்க வந்தவர்கள் காபியை உறிஞ்சிக்கொண்டு பனியைப் பற்றிப் பேசினார்களே தவிர, ஒருவரும் மூச்சுவிடவில்லை. அது அவளை இன்னும் குத்தியது.

சவ வண்டிக்குப் பின்னால் அம்மாவை வைத்து அவளே காரை ஓட்டினாள். சட்டசபையின் வெள்ளைக் குவிமாடம் பின்னால் போயிற்று. ஏரியில் பனிக்கட்டி இளகத் தொடங்கியிருந்தது. அப்படியும் இரண்டு கிறுக்கர்கள் அதில் ஓட்டை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் ஒரே மாதிரியான புது வீடுகள். போன வருஷம்வரை அங்கே மக்காச்சோளம் நின்றது.

"இந்த இடம் வந்தா அவர் திட்ட ஆரம்பிச்சிடுவாரு" என்றாள் ஆர்லீன். இந்த ஊர் நம்ம கவுண்டியையே தின்னுட்டுத்தான் அடங்கும் என்பார்.

சிக்னே சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. சொல்லித் தொலை என்று மனசு அடித்துக்கொண்டது. அடுத்த திருப்பத்தில் சொல்லலாம், அதற்கடுத்ததில் சொல்லலாம் என்று பண்ணைவரை வந்துவிட்டாள்.

சவ வண்டி வாசலில் நின்றது. பின்னால் கார்கள் வரிசையாக நின்றன. ஆர்லீன் ஜன்னலை இறக்கினாள். மாடுகள் நிற்கும் முற்றத்தில் ஒரு குளம்புத் தடம் இல்லாமல் பனி அப்படியே கிடந்தது.

"அம்மா, நான் வந்து..."

"தெரியும்டி." ஆர்லீன் தொழுவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பாவுக்கும் தெரியும். நீ குனிஞ்சு தலையணையைச் சரி பண்ணிட்டுப் போன பிறகு சொன்னாரு, இவ மேல மாட்டு வாசனையே காணோமே, வெறும் சோப்பு வாசனைதான் அடிக்குதுன்னு. நான் கேக்கட்டுமான்னேன். வேண்டாம், அவளே சொல்லட்டும்னுட்டாரு."

சிக்னே அம்மா பக்கம் திரும்பினாள். "அப்புறம் எதுக்கு தினமும் கேட்டாரு?"

"நீ சொல்லுவேன்னுதான்."

சவ வண்டியின் ஓட்டுநர் கிளம்பலாமா என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார். சிக்னே காரிலிருந்து இறங்கினாள். எல்லோரும் பார்க்க, ஷூ புதையப் புதைய முற்றத்துப் பனியில் நடந்துபோய், காலித் தொழுவத்தின் பெரிய கதவுகள் இரண்டையும் சவ வண்டிக்கு நேரே அகலத் திறந்து வைத்தாள்.