சீலா அக்காவின் வலப்பக்கம்

உட்துறைமுக வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில் மூன்றாவது கதவுதான் ‘சீலா பியூட்டி கெயார்’. பெண்களுக்கு மட்டும். காலை எட்டரைக்கு நிலுஷா ஷட்டரைத் தூக்கினால் முதலில் வந்து நிற்பது வாடிக்கையாளர் அல்ல, மான். திருகோணமலை மான்களுக்கு வெட்கம் கிடையாது. வாழைப்பழத் தோல் கிடைக்கும்வரை வாசலை விட்டு அசையாது. நிலுஷா தோலை எறிவாள், வாசலைக் கூட்டுவாள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவாள், அதன்பிறகு ட்ரொலியிடம் போவாள்.

இரண்டு கதிரைகளுக்கு நடுவில் நிற்கும் அந்தச் சில்லுவைத்த ட்ரொலிதான் கடையின் உயிர். மேல்தட்டில் வெள்ளைத் துவாய் விரித்திருக்கும். முன் ஓரத்தில் சீப்பு. அதிலிருந்து இரண்டு விரல் தள்ளிக் கத்தரிக்கோல், பிடி சீலா அக்காவின் பக்கம் பார்த்தபடி. பிறகு கிளிப்புகள். கடைசி மூலையில் தண்ணீர் ஸ்பிரே போத்தல். துவாயில் நிலுஷா சிவப்பு நூலால் நாலு தையல் போட்டு ஒவ்வொன்றுக்கும் எல்லை வைத்திருந்தாள். பிளேடும், கிருமி கொல்லும் ஸ்பிரிட் அடைத்த அதேமாதிரி ஸ்பிரே போத்தலும் மேல்தட்டுக்கு வரவே கூடாது. அவை கீழ்த்தட்டில், மூடி போட்ட பெட்டிக்குள்.

வாடிக்கையாளர்கள் இதைப் பார்த்துவிட்டு, “என்ன வடிவா அடுக்கியிருக்கிறாய் பிள்ளை” என்பார்கள். அடுக்கு வடிவுக்காக இல்லை என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். சீலா அக்காவுக்கு வலக்கண் போய்விட்டது. கண்ணில் பிறஷர். ‘போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம்’ என்று டொக்டர் கையை விரித்துவிட்டார். மிச்சம் என்பது இடக்கண்ணின் நடுப்பகுதி. நேரே முன்னால் இருக்கிற தலைமுடி துலக்கமாகத் தெரியும். ஒரு மயிர் நீண்டிருந்தாலும் பிடித்துவிடுவாள். வலப்பக்கம் மட்டும் அவளுக்கு இல்லவே இல்லை. தலையைத் திருப்பித் தேடலாம்தான். ஆனால் முன்னால் அத்தனை பெரிய கண்ணாடி. தேடுவது கதிரையில் இருப்பவளுக்குத் தெரிந்துவிடும். கண் தெரியாதவளிடம் யார் கத்தரிக்கோலைக் கொடுத்துக் கழுத்தை நீட்டுவார்கள்?

ஆகவே சீலா அக்கா பார்க்க மாட்டாள். கையை நீட்டுவாள். நீட்டிய இடத்தில் சாமான் இருக்கும். அவ்வளவுதான் ஏற்பாடு, நாலு வருடமாக.

இதை ஒருவரிடமும் சொல்வதில்லை என்று பாலையூற்று லூர்து மாதா கெபியில் மெழுகுதிரி கொளுத்தி நிலுஷா சத்தியம் பண்ணியிருந்தாள். சீலா அக்கா அழுது கேட்டுக்கொண்ட சத்தியம். அப்போது நிலுஷாவுக்கு இருபத்திநாலு வயது. அந்த வயதில் யாராவது அழுதால் என்ன கேட்டாலும் கொடுத்துவிடுவோம். எத்தனை வருடத்துக்கு என்று கேட்கும் புத்தி பிறகுதான் வருகிறது.

இப்போது இருபத்தெட்டு. தலை கழுவுவாள், சாயம் கலப்பாள், புருவத்துக்கு நூல் போடும்போது தோலை இழுத்துப் பிடிப்பாள், நிலம் கூட்டுவாள். வாடிக்கையாளர் தலையில் ஒருநாளும் கத்தரிக்கோல் வைத்ததில்லை. பாலையூற்றில் பாதிப் பெண்களின் தலைமுடியை ஞாயிறு பின்னேரங்களில் வெட்டிப் பழகியிருந்தாள். கடைக்குள் அதற்கு இடமில்லை. “நீ வெட்டத் தொடங்கினா என்ர பக்கத்தில ஆர் நிக்கிறது?” என்பாள் சீலா அக்கா, சிரித்துக்கொண்டே. மத்தியானம் தன் சோற்றுப் பெட்டியிலிருந்து பெரிய மீன் துண்டைத் தூக்கி இவள் பெட்டியில் வைப்பாள். கெட்டவளாக இருந்தால் எப்போதோ விட்டுவிட்டுப் போயிருக்கலாம். இந்தக் கரிசனைதான் கழுத்தைப் பிடித்தது.

நிலாவெளியில் ஒரு ஹோட்டல் சலூனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது நிலுஷாவுக்கு மூச்சு வந்தது. முடிதிருத்துநர் தரச் சான்றிதழ் வேண்டும், மாத முடிவுக்குள் வேண்டும். தானே தொலைபேசி எடுத்து மதிப்பீட்டுக்குப் பதிந்தாள். வேலை செய்யும் இடத்துக்கே மதிப்பீட்டாளர் வந்து, இவள் ஒருவரின் முடியை முதலிலிருந்து கடைசிவரை வெட்டுவதைப் பார்ப்பார். சீலா அக்காவிடம் சொல்லவே அவளுக்கு ஒரு கிழமை பிடித்தது. நிலாவெளியையும் சேர்த்தே சொன்னாள்.

சீலா அக்கா கையிலிருந்த சீப்பைத் துடைத்துத் தட்டில் வைத்தாள். பிறகு, “செய் பிள்ளை. அண்டைக்கு நான் ஒருத்தரையும் எடுக்கேல்ல. கடை முழுக்க உனக்குத்தான்” என்றாள்.

அன்றைக்குக் காலை பத்து மணிக்குச் சுதர்ஷிகா என்ற கல்யாணப் பெண் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தாள். சீலா அக்கா நெற்றியில் கைவைத்தாள். “ஐயோ, இவவுக்கு இண்டைக்கு வரச்சொன்னதை மறந்தே போனன்.” மறந்து போனாளாம். முப்பது வருட வாடிக்கையாளர்களின் பிறந்தநாளை மனப்பாடமாக வைத்திருக்கிறவள் மறந்து போனாளாம்! அது மறதியா பயமா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

மதிப்பீட்டாளர் மிஸிஸ் பாக்கியரத்தினம் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். மெல்லிய கரைச் சேலை, மடியில் பைல். நிலுஷா முடி வெட்டப்போகும் ஹுஸ்னியா டீச்சரும் கிண்ணியாவிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். நாலு வருடமாக நிலுஷாவின் கையால் தலை கழுவுகிறவர். “எனக்கு நீதான் வெட்டோணும் எண்டு எப்பவோ நினைச்சனான்” என்று கூறி, அபாயாவையும் தலைத்துணியையும் கழற்றி மடித்துவைத்துவிட்டு இரண்டாம் கதிரையில் அமர்ந்தார்.

சீலா அக்கா கல்யாணப் பெண்ணைத் தலை கழுவப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மிஸிஸ் பாக்கியரத்தினம் எழுந்து ட்ரொலியைச் சுற்றிவந்தார். சிவப்பு நூல் தையலை விரலால் தடவினார்.

“துவாய் ஏன்? துணி ஈரத்தைப் பிடிக்கும். உலோகத் தட்டு வெறுமனே இருக்கவேணும்.” துவாயை உருவி நிலுஷாவின் கையில் தந்தார். “கிருமிநீக்கி கைக்கு எட்டாமக் கீழ இருக்கலாமோ? பிளேட் எங்க?” கீழ்ப் பெட்டியைத் திறந்து, ஸ்பிரிட் போத்தலை எடுத்து மேல்தட்டின் மூலையில் வைத்தார். தண்ணீர்ப் போத்தல் பின்வரிசைக்குப் போனது. பிளேடு சீப்பின் இடத்துக்கு வந்தது. சீப்புகள் கண்ணாடிச் சாடிக்குள் தலைகீழாக நின்றன. “இதுதான் ஒழுங்கு. நீங்கள் கெட்டிக்காரி, ஒருக்காப் பாத்தாப் போதும்.”

“மிஸ், நாங்கள் இஞ்ச வழமையா…”

“வழமை வேற, ஒழுங்கு வேற. இனி இதில கை வைக்காதேங்கோ. இதுக்கும் புள்ளி இருக்கு.”

நிலுஷாவின் வாய்க்குள் எல்லாம் இருந்தது. ஒரு வசனம் சொன்னால் போதும். கெபியில் கொளுத்திய மெழுகுதிரி நினைவுக்கு வந்தது. அதைவிட, சீலா அக்கா அன்று அழுத அழுகை நினைவுக்கு வந்தது. பின்னறைக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வரலாமா என்று பார்த்தாள். அதற்குள் மிஸிஸ் பாக்கியரத்தினம் மணிக்கூட்டைப் பார்த்து, “தொடங்குங்கோ. தொடங்கினபிறகு உங்கட ஆளை விட்டிட்டு அசையக்கூடாது. அசைஞ்சா வெட்டுற பகுதிக்குப் புள்ளி கிடையாது. தெரியும்தானே?” என்றார்.

“ஓம் மிஸ்.”

தொடங்கிவிட்டாள். ஹுஸ்னியா டீச்சரின் முடி நல்ல அடர்த்தி. நாலு பகுதியாகப் பிரித்துக் கிளிப் போட்டாள். பின்கழுத்தில் முதல் வெட்டு விழுந்தது. இரண்டாவது வெட்டு, மூன்றாவது வெட்டு. முடி விரலுக்குள் வழுக்கிக்கொண்டு வர, கத்தரிக்கோல் தானாகப் போனது. சந்தோஷம் அவளுக்கு வயிற்றிலிருந்து கிளம்பியது. இதற்காகத்தானே பிறந்தேன் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். நினைத்தால் என்ன, அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. கண்ணாடியில் மிஸிஸ் பாக்கியரத்தினம் தலையாட்டி எதையோ எழுதுவது தெரிந்தது.

அப்போது சீலா அக்கா கல்யாணப் பெண்ணோடு வெளியே வந்தாள். முதல் கதிரையில் இருத்தினாள். நெற்றிமுடியை முன்னால் இழுத்து, கண்ணுக்கு மேலே விரித்துவிட்டாள். “கண்ணை மூடாதேங்கோ, நேர என்னைப் பாருங்கோ. அப்பத்தான் அளவு தெரியும்” என்றாள். நெற்றிமுடி காய்ந்துபோயிருந்தது. தண்ணீர் தெளிக்க வேண்டும். வலக்கை நீண்டது.

நேரே மூலைக்கு. பார்க்காமல்.

சத்தம் போட்டிருக்கலாம்தான். ‘அக்கா, அது ஸ்பிரிட்!’ என்று கத்தியிருந்தால் கை நின்றிருக்கும். நின்ற கை பிறகு எங்கே போகும்? தட்டைத் துழாவும். பிளேடு இருக்கும் இடத்தைத் துழாவும், மூன்று பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க. நிலுஷா இவ்வளவையும் யோசித்துத்தான் நடந்தாள் என்று சொன்னால் அது பொய். கால் போய்விட்டது. நாலு வருடம் பழகிய கால்.

கத்தரிக்கோலைக் கிளிப்புகளின்மேல் போட்டுவிட்டு இரண்டு எட்டு வைத்தாள். சீலா அக்காவின் விரல்கள் ஸ்பிரிட் போத்தலைத் தொட்டுத் தூக்கும்போது அதை மெதுவாக வாங்கி, தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தாள். கைமாறியது கல்யாணப் பெண்ணுக்குத் தெரியவில்லை. சீலா அக்காவுக்குத் தெரிந்தது. முகம் வெளிறிப்போனது. ஆனால் பழக்கப்பட்டவள், தெளித்தாள், சிரித்தாள், “வடிவான நெத்தி” என்றாள். பிறகு கையை நீட்டினாள், சீப்புக்கு.

சீப்பு சாடிக்குள் இருந்தது. நிலுஷா எடுத்துக் கொடுத்தாள். அடுத்து கத்தரிக்கோல். அடுத்து கிளிப். தட்டு முழுக்கக் குழம்பியிருக்க, அவள் எப்படி அந்த இடத்தை விட்டுப் போவாள்? ஹுஸ்னியா டீச்சர் பாதி வெட்டிய முடியோடு கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை, நல்ல மனுஷி.

கல்யாணப் பெண்ணின் நெற்றிமுடி முடிந்தபிறகுதான் நிலுஷா திரும்பி வந்தாள். மிச்சத்தையும் வெட்டி முடித்தாள். நன்றாகத்தான் வெட்டினாள்.

மிஸிஸ் பாக்கியரத்தினம் அவளை வாசலுக்குக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“அருமையாத் தொடங்கினனீங்கள். ஏன் விட்டிட்டுப் போனனீங்கள்?”

உள்ளே சீலா அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோள் இரண்டும் இறுகியிருந்தன. கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நிலுஷாவுக்குத் தெரியும்.

“பழக்கம் மிஸ்” என்றாள்.

“வெட்டுற பகுதியை இந்த முறை தர ஏலாது. ஆறு மாசத்தால திரும்பப் பதியுங்கோ.” அவர் ஒரு தாளைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. “ஆனா ஒண்டு சொல்லுறன். இத்தனை வருஷத்தில இப்படி ஒரு உதவியாளரை நான் காணேல்ல. அவ கேக்க முதல் கையில குடுக்கிறீங்கள். உதவியாளர் தரத்துக்கு முழுப் புள்ளியோட எழுதுறன்.”

ஆறு மாதத்துக்கு நிலாவெளி காத்திருக்காது. அடுத்த கிழமையே வேறு யாரோ அந்த இடத்துக்குப் போய்விட்டாள்.

சான்றிதழ் தபாலில் வந்தது. சீலா அக்கா கெபிக்குப் போய் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள். பிரேம் போட்டு, தன் கதிரைக்கு நேர் எதிரே, கண்ணாடிக்கு மேலே, இடக்கண்ணுக்குப் படும் இடமாகப் பார்த்துத் தானே ஆணி அடித்தாள். ‘நிலுஷா அஞ்சலோ, அழகுக்கலை உதவியாளர்.’ வருகிற எல்லோருக்கும் காட்டினாள். அன்றைய போத்தலைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை, நன்றிகூடச் சொன்னதில்லை. மீன் துண்டு மட்டும் இரண்டாகியது.

“பாத்தியே பிள்ளை, சேட்டிபிக்கேட்டும் வந்திட்டுது” என்றாள், ஒருத்திக்குத் தலை சீவிக்கொண்டே. “இனி என்ன குறை உனக்கு? எங்க போகப்போறாய்?”

சிவப்பு நூல் தைத்த துவாய் மறுபடி தட்டில் விரிந்திருந்தது. நிலுஷா வலப்பக்கம், தன் இடத்தில் நின்றாள். கண்ணீர் தாடைவரை வழிந்து ஏப்ரனில் சொட்டியது. அவள் அதைத் துடைக்கவில்லை, மறைக்கவும் இல்லை. அந்தப் பக்கம் நின்று எவ்வளவு அழுதாலும் சீலா அக்காவுக்குத் தெரியாது.

கை நீண்டது. நிலுஷா கத்தரிக்கோலை எடுத்து, பிடிப்பக்கம் திருப்பி, அந்தக் கையில் வைத்தாள்.